புதுச்சேரியில் ஓர் அரைப் புள்ளி

வியாழன் இரவு

மயிலாடுதுறையில் காலை டிபனை முடித்துக்கொண்டு ஏறிய பஸ், சீர்காழி, சிதம்பரம், ஆலப்பாக்கம், கடலூர் என்று ஊர் ஊராக நின்று மதியம் புதுச்சேரியில் கொண்டுவந்து விட்டது. கத்திரி வெயில். வழியில் கொள்ளிடம் பாலத்தில் மட்டும் கொஞ்சம் காற்று வந்தது.

நாளை தொடங்கி ஞாயிறு வரை இங்கே ஓர் ஓப்பன் செஸ் போட்டி. ஆளுக்கு 90 நிமிடம், ஒவ்வொரு மூவுக்கும் 30 விநாடி கூடுதல். இப்படி நிதானமாக உட்கார்ந்து யோசித்து ஆடக் கிடைப்பது இப்போது அபூர்வமாகிவிட்டது. பக்கத்து ஊர்களில் நடப்பதெல்லாம் ரேபிட், பிளிட்ஸ் என்ற வேக ஆட்டங்கள்தான். அதனால் லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

அறையில் பையைப் போட்டுவிட்டு, வெயில் தாழ்ந்ததும் கடற்கரைச் சாலைக்கு நடந்தேன். மாலையானால் அங்கே வண்டிகளை விடுவதில்லை, ரோட்டின் நடுவிலேயே நடக்கலாம். காந்தி சிலை பக்கத்தில் பழைய கலங்கரை விளக்கம் நிற்கிறது. அதில் விளக்கேற்றியது 1836-ல். எனக்கு அந்த வருடம் மனதில் நிற்பதற்கு வேறொரு காரணம் உண்டு. லண்டன் செஸ் கிளப் ஒன்றும் பாரிஸ் செஸ் கிளப்பும் 1834-ல் தொடங்கி, கடிதம் மூலமாகவே ஆடிய போட்டி முடிந்ததும் 1836-ல்தான். மொத்தம் இரண்டு ஆட்டம், இரண்டிலும் பாரிஸ் ஜெயித்தது. அதில் ஒன்றில் லண்டன்காரர்கள் இ4 என்று தொடங்க, பாரிஸ்காரர்கள் இ6 என்று சிப்பாயை ஒரே ஒரு கட்டம் மட்டும் தள்ளினார்கள். இன்றைக்கும் அந்த ஓப்பனிங்குக்குப் பிரெஞ்சு டிபென்ஸ் என்று பெயர்.

(கட்டங்களின் பெயரைத் தமிழிலேயே எழுதுகிறேன். இடமிருந்து வலமாக ஏ முதல் எச் வரை. வெள்ளைக் காய் ஆடுகிறவர் பக்கமிருந்து மேலே 1 முதல் 8 வரை.)

எனக்கு இதில் ஒரு சொந்த ஈடுபாடு உண்டு. கறுப்புக் காய் வந்தால் நான் ஆடுவது பிரெஞ்சுதான். எங்கள் ஊரில் பிறந்த ஆனந்த் 2000-ல் டெஹ்ரானில் ஷிரோவைத் தோற்கடித்து முதன்முதலாக உலகப் பட்டம் வாங்கினாரே, அந்தக் கடைசி ஆட்டத்தில் அவர் கறுப்பில் ஆடியதும் இதுவே. அந்த ஆட்டத்தைப் போட்டுப் பார்த்துத்தான் நான் இதைக் கற்றுக்கொண்டேன்.

சரி, நாளை காலை சீக்கிரம் எழ வேண்டும்.

வெள்ளி இரவு

காலையில் ஜெயித்தேன், மாலையில் தோற்றேன். இரண்டுமே வெள்ளைக் காய். மாலையில் எதிரே உட்கார்ந்த கல்லூரி மாணவி ரேட்டிங்கில் என்னைவிட ரொம்ப மேலே, ஆட்டத்திலும் அப்படியே. அதைப் பற்றி எழுத அதிகம் இல்லை.

எழுத வேண்டியது ஹாலுக்கு வெளியே நடந்தது. குழந்தைகள் உள்ளே ஆட, பெற்றோர்கள் வேப்ப மரத்தடியில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். பண்ருட்டியிலிருந்து வந்த ஒருவர் முந்திரிப் பருப்பை எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டிருந்தார். அவருடைய மகன், பத்து வயது இருக்கும், அரை மணி நேரத்திலேயே வெளியே வந்துவிட்டான். டிரா. ஆளுக்கு அரைப் புள்ளி. அப்பாவுக்கு முகம் சுருங்கிவிட்டது.

"டிரா பண்ணிட்டு வந்து நிக்கிறான் பாருங்க சார். ஜெயிக்கணும்னு தோணவே மாட்டேங்குது இவனுக்கு."

பையனின் ஸ்கோர் ஷீட்டை வாங்கிப் பார்த்தேன். இ4 இ6, டி4 டி5, அப்புறம் வெள்ளை இ சிப்பாயால் டி5-இல் வெட்ட, கறுப்பு திருப்பி வெட்டியிருக்கிறது. பிரெஞ்சில் எக்ஸ்சேஞ்ச் வேரியேஷன் என்ற கிளை. இரண்டு பக்கமும் கண்ணாடியில் பார்த்த மாதிரி ஒரே அமைப்பு. திறந்திருக்கும் வழி இ வழி ஒன்றுதான். இரண்டு பேரும் யானைகளை அங்கேயே கொண்டுவந்து நிறுத்தி, ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டு, 22-வது மூவில் கை குலுக்கிவிட்டார்கள்.

இந்த வேரியேஷனுக்கு டிரா என்ற கெட்ட பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. "வெட்டினால் டிரா" என்று எங்கள் ஊர் கிளப்பிலும் சொல்வார்கள். எனக்கு அது பொறுக்காது. லண்டனும் பாரிஸும் ஆடிய அந்த ஆட்டமே எக்ஸ்சேஞ்ச்தான். மூன்றாவது மூவில் லண்டன் வெட்டியது, பாரிஸ் திருப்பி வெட்டியது, கடைசியில் கறுப்பு ஜெயித்தது. பெயர் வைத்த ஆட்டத்திலேயே டிரா இல்லை!

பையனை உட்கார வைத்து 1990 மணிலா இன்டர்சோனல் (உலகப் பட்டத்துக்குப் போகும் வழியில் ஒரு தகுதிப் போட்டி) கதையைச் சொன்னேன். கடைசிச் சுற்றில் மிகயில் குரேவிச்சுக்கு டிரா போதும், அடுத்த கட்டத்துக்குப் போய்விடலாம். எதிரே நைஜல் ஷார்ட், அவருக்கு ஜெயித்தே ஆக வேண்டும், அதுவும் கறுப்பில். ஷார்ட் பிரெஞ்சு ஆடினார். குரேவிச் பத்திரமாக இருக்கட்டும் என்று மூன்றாவது மூவில் வெட்டினார். ஷார்ட் அந்தச் சமச்சீரைக் குலைத்து, மெல்ல மெல்ல நெருக்கி, ஜெயித்துப் போய்விட்டார். அதே மணிலாவில்தான் நம் ஆனந்தும் தேறி, முதல் முறையாக அடுத்த கட்டமான கேண்டிடேட்ஸ் போனார்.

அப்பாவுக்குச் சொல்லச் சிங்கப்பூர் இருந்தது. 2024-ல் அங்கே உலகப் பட்டத்துக்காகக் குகேஷும் டிங் லிரனும் ஆடிய 14 ஆட்டங்களில் 9 டிரா. அதில் டிங் மூன்று முறை பிரெஞ்சு ஆடினார். முதல் ஆட்டத்தில் 42 மூவில் குகேஷைத் தோற்கடித்தார். ஐந்தாவது ஆட்டம், நவம்பர் 30, குகேஷ் மூன்றாவது மூவில் வெட்டினார், எக்ஸ்சேஞ்ச். 40 மூவில் டிரா என்று செய்தியில் ஒரு வரியோடு முடிந்துவிட்டது. ஆனால் நேரலையில் பார்த்தவர்களுக்குத் தெரியும், நடுவில் குகேஷ் சறுக்கியதும், டிங்குக்கு நல்ல வாய்ப்பு வந்து அவர் அதைப் பிடிக்காமல் விட்டதும். அந்த அரைப் புள்ளி போயிருந்தால்? பதிமூன்றாவது ஆட்டம் மறுபடி பிரெஞ்சு. இந்த முறை நெருக்கியது குகேஷ். 31-வது மூவில் யானையை எஃப்8-க்குக் கொண்டுபோகும் ஒரே வழியைக் கண்டுபிடித்து டிங் பிழைத்தார். ஆறரைக்கு ஆறரை. மறுநாள் பதினான்காவதில் முடிவு தெரிந்தது நம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும்.

டிரா என்று சொன்னதும் முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல், எந்த டிரா என்று கேட்க வேண்டும். பையனின் 22 மூவும் டிங்கின் அந்த யானையும் ஒன்றல்ல. இதை அவருக்கு எப்படியோ புரிய வைத்துவிட்டேன் என்று நினைக்கிறேன். போகும்போது எனக்கும் ஒரு பொட்டலம் முந்திரி கிடைத்தது.

சனி இரவு

கை வலிக்க வலிக்க எழுதுகிறேன். காலை ஆட்டம் கறுப்பு. பேரிங் ஷீட்டில் என் பெயருக்கு எதிரே கடலூர்க்காரர் ஒருவர். வந்து உட்கார்ந்தவருக்கு எழுபது வயதுக்கு மேல். வெள்ளை வேட்டி, அரைக்கைச் சட்டை, பையில் இரண்டு பேனா. மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம். "வாங்க தம்பி" என்று கை கொடுத்தார். கடிகாரத்தை அழுத்தினேன்.

இ4 இ6. டி4 டி5. சிரித்துக்கொண்டே இ சிப்பாயை எடுத்து டி5-இல் வெட்டினார்.

நேற்று மரத்தடியில் பேசியது எனக்கே திரும்பி வந்தது மாதிரி இருந்தது. ஆனால் சந்தோஷமாகத்தான் இருந்தது. பிரெஞ்சு ஆடுகிறவனுக்கு ஆயுள் முழுக்க ஒரே தலைவலி, சி8-இல் இருக்கும் பிஷப். இ6 சிப்பாய் அதன் வழியை அடைத்துக்கொண்டு நிற்கும். இருபது மூவ் ஆனாலும் அது வெளியே வராமல் கிடக்கும். வெள்ளை டி5-இல் வெட்டி நாம் இ சிப்பாயால் திருப்பி வெட்டியதும் அந்தக் கதவு தானாகத் திறந்துவிடுகிறது. மற்ற வேரியேஷன்களில் நாம் ஏங்குவதை இங்கே வெள்ளையே கையில் கொடுக்கிறது. அதற்கு அது வாங்கிக்கொள்ளும் விலை சமச்சீர். அந்தச் சமச்சீரை உடைப்பது நம் வேலை.

எப்படி உடைப்பது? அவர் குதிரை எஃப்3, நான் பிஷப் டி6. அவர் பிஷப் டி3. இங்கே என் ராஜா பக்கத்துக் குதிரையை எஃப்6-இல் வைத்தால் அவர் அமைப்பை அப்படியே நகல் எடுத்ததாகிவிடும், அவருக்கு ஒரு மூவ் கூடுதல் என்பது மட்டுமே வித்தியாசம். அதனால் குதிரையை இ7-இல் வைத்தேன். அவர் ராஜா பக்கம் கேஸ்லிங் (ராஜாவையும் யானையையும் ஒரே மூவில் நகர்த்துவது) செய்தார். நான் பிஷப் ஜி4. அவர் யானை இ1, நான் இன்னொரு குதிரை சி6. அவர் சி3, நான் ராணி டி7. அவர் குதிரை டி2, ஒன்பதாவது மூவில் நான் ராணி பக்கம் கேஸ்லிங் செய்தேன். இப்போது ராஜாக்கள் எதிரெதிர்ப் பக்கம். இனி ஆளுக்கு ஒரு பக்கம் சிப்பாயை ஓட்டலாம், முந்துகிறவர் ஜெயிப்பார். யானைகளை வெட்டிக்கொண்டு வீட்டுக்குப் போக யாருக்கும் நேரம் இருக்காது.

ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நன்றாக யோசித்து பி4 தள்ளினார். அடுத்து பி5. குதிரையை விரட்டியதும், யானை காலி செய்துவிட்டுப் போயிருந்த டி8-இல் அதை ஒதுக்கினேன். அவர் ராணி ஏ4-க்கு வந்து என் ஏ7 சிப்பாயைப் பார்த்தது. நான் எச்5 தள்ளி, குதிரையை இ6-க்குக் கொண்டுவந்து, கதவைத் திறக்க எஃப் சிப்பாயையே கொடுத்தேன். பக்கத்து மேசைக்காரர்கள் தங்கள் ஆட்டத்தை விட்டுவிட்டு வந்து நின்று பார்த்தார்கள். "எக்ஸ்சேஞ்ச் போரடிக்கும்" என்று சொல்கிறவர்கள் அந்த நேரம் அங்கே நின்றிருக்க வேண்டும்!

என் தாக்குதலை அவர் தடுத்த விதத்தை நான் மறக்கமாட்டேன். பதற்றமே இல்லை. ஒவ்வொரு முறை நான் மிரட்டும்போதும் ஒரு காயை வெட்டிக்கொள்ள வைத்தார். ராணிகள் போயின. குதிரைகள் போயின. ராணி பக்கத்துச் சிப்பாய்கள் எல்லாம் ஒன்றை ஒன்று தின்று முடித்தன. 45 மூவ் தாண்டியபோது மிஞ்சியது இது.

வெள்ளை: ராஜா எஃப்3, யானை ஏ6, சிப்பாய்கள் எஃப்4, ஜி3, எச்4.
கறுப்பு: ராஜா ஜி7, யானை பி1, சிப்பாய்கள் ஜி6, எச்5.

நான் கொடுத்த அந்த எஃப் சிப்பாய் இப்போது அவருக்கு லாபமாக நிற்கிறது. ஹாலில் பாதி மேசை காலி. மதியச் சாப்பாட்டுக்கு மணியடித்துவிட்டார்கள். ஐயா எழுந்து போய் தண்ணீர் குடித்துவிட்டு வந்து ஜி4 தள்ளினார். நான் வெட்டினேன், அவர் ராஜா வெட்டியது. கொஞ்ச நேரம் கழித்து எச்5, அங்கேயும் ஒரு ஜோடி போயிற்று. இனி அவரிடம் ராஜா, யானை, ஒற்றை எஃப் சிப்பாய். என்னிடம் ராஜாவும் யானையும்.

இந்த இடத்தில் எனக்குத் துணைக்கு வந்தவர் இன்னொரு பாரிஸ்காரர், 18-ஆம் நூற்றாண்டின் பிலிடோர். இசையமைப்பாளர், அந்தக் காலத்தில் செஸ்ஸில் அவரை வெல்ல ஆள் இல்லை. யானையும் ஒரு சிப்பாயும் எதிரே இருக்கும்போது வெறும் யானையோடு எப்படிப் பிழைப்பது என்று அவர் காட்டியதை இன்றைக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் சொல்லித்தருகிறோம். சிப்பாய்க்கு முன்னால் ராஜாவை நிறுத்து. யானையை ஆறாவது வரிசையில் வை, எதிரி ராஜா அந்த வரிசைக்குள் காலை வைக்க முடியாது. சிப்பாயே ஆறாவது வரிசைக்கு வந்தால், உடனே யானையைக் கடைசிக்கு இறக்கிப் பின்னாலிருந்து செக் வை. ஒளிய அவனுக்கு இடம் இல்லை, மறைப்பாக நின்ற சிப்பாய் முன்னால் போய்விட்டதே!

படித்தது வேறு, கடிகாரத்தில் நான்கு நிமிடம் இருக்கும்போது செய்வது வேறு. என் ராஜா எஃப்8, யானை பி6. அவர் ராஜா ஜி5, யானை ஏ7, சிப்பாய் எஃப்5. யானையை அந்த வரிசையிலேயே பி6, சி6, பி6 என்று நகர்த்திக்கொண்டிருந்தேன். அவரும் அவசரப்படவில்லை. கடைசியில் எஃப்6. உடனே யானை பி1. அவர் ராஜா ஜி6 வந்தது, அடுத்து ஏ8-இல் மேட். ஆனால் ஆடுவது நான். ஜி1-இல் செக். ராஜா எஃப்5, எஃப்1-இல் செக். ராஜா இ6, இ1-இல் செக். ராஜா திரும்ப எஃப்5 வந்தது.

அந்த மூவை ஆடிவிட்டு, கடிகாரத்தை அழுத்துவதற்கு முன், "டிரா வச்சிக்கலாமா தம்பி?" என்றார். விதிப்படி அப்படித்தான் கேட்க வேண்டும், காயை நகர்த்திய பிறகு, கடிகாரத்தை அழுத்துவதற்கு முன்னால். அந்த ஒழுங்குக்கே அவரை வணங்கலாம். கை கொடுத்தேன். 68 மூவ். ஸ்கோர் ஷீட்டில் இருவரும் அரை, அரை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டோம்.

மதியம் சாப்பிடவில்லை, பசிக்கவும் இல்லை. மாலை ஆட்டத்தில் ஜெயித்தேன்.

ஞாயிறு மாலை

காலையில் மணக்குள விநாயகர் கோயில். 2022 நவம்பர் 30-ல் இறந்துபோன லட்சுமி யானையைப் பற்றி வரிசையில் நின்ற ஓர் அம்மா தன் பேத்திக்குச் சொல்லிக்கொண்டு வந்தார், கண் கலங்க.

கடைசிச் சுற்றில் தோல்வி. பரிசுப் பட்டியலில் நான் இல்லை, கடலூர் ஐயா மூத்தோர் பிரிவில் ஒரு கேடயம் வாங்கினார். பண்ருட்டிப் பையன் ஓடி வந்து சொன்னான், கடைசி ஆட்டத்தில் எக்ஸ்சேஞ்ச் வந்ததாம், குதிரையை இ7-இல் வைத்தானாம், ஜெயித்தானாம். அவன் அப்பாவைவிட எனக்குத்தான் சந்தோஷம் அதிகம்.

ஐயா கேடயத்தைப் பையில் வைத்துக்கொண்டே, "நாளைக்கு நம்ம ஊரு வழியாத்தானே போறீங்க? இறங்கிட்டுப் போங்க. அந்த யானை எண்டிங்கப் பாக்கணும்" என்றார்.

திங்கள் இரவு, மயிலாடுதுறை

அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம் தாண்டி ஒரு மணி நேரத்துக்குள் கடலூர். ஐயா பஸ் ஸ்டாண்டுக்கே சைக்கிளில் வந்திருந்தார். அவர் வீட்டு அம்மா இட்லியும் மீன் குழம்பும் வைத்தார். வேண்டாம் என்று சொல்ல விடவில்லை.

வெயில் ஏறுவதற்குள் தேவனாம்பட்டினம் போனோம். அங்கே ஆங்கிலேயர்களின் செயின்ட் டேவிட் கோட்டை இருந்த இடத்தைக் காட்டினார். 1758-ல் பிரெஞ்சுப் படை வந்து பிடித்து இடித்துப் போட்டது. மூன்றாண்டு கழித்து ஆங்கிலேயர்கள் புதுச்சேரியை இடித்தார்கள். இருபது கிலோமீட்டர் சொச்சம் தள்ளித் தள்ளி இருக்கும் இரண்டு ஊர்களை மாற்றி மாற்றி நாசம் செய்தவர்களின் பேரன்கள், எழுபத்தைந்து வருடம் கழித்து லண்டனிலும் பாரிஸிலும் உட்கார்ந்து தபாலில் செஸ் ஆடியிருக்கிறார்கள். இதை நான் சொன்னதும் ஐயா நின்றுவிட்டார்.

"நானும் தபால்ல ஆடியிருக்கேன் தம்பி."

வீட்டுக்குத் திரும்பியதும் ஒரு பிஸ்கட் டின்னைத் திறந்தார். அஞ்சல் அட்டைகள், கட்டுக்கட்டாக. ஓர் ஆட்டம் முடிய ஒரு வருடத்துக்கு மேல் ஆகுமாம். எதிராளி ஆடக்கூடிய மூவை ஊகித்து, "நீங்கள் இதை ஆடினால் என் பதில் இது" என்று சேர்த்தே எழுதி அனுப்பும் பழக்கம் உண்டு, அட்டையும் நாளும் மிச்சம். எக்ஸ்சேஞ்ச் வேரியேஷனை அவர் பிடித்துக்கொண்டதே அப்படித்தான். டி5-இல் வெட்டினால் திருப்பி வெட்டாமல் யார் இருப்பார்கள்? அதனால் நாலாவது மூவையும் அதே அட்டையில் எழுதிவிடலாம். "வெட்டுனா டிரான்னு யாரு சொன்னது? நான் இதுல எவ்வளவு பேர ஜெயிச்சிருக்கேன் தெரியுமா?" என்று ஒவ்வோர் அட்டையாக எடுத்துக் காட்டினார். நுணுக்கி நுணுக்கி எழுதிய கையெழுத்து, ஓரத்தில் எதிராளியின் குடும்ப நலம் விசாரித்து ஒரு வரி.

அப்புறம் காந்தப் பலகையை விரித்தோம். அவர் வைத்தது மேலே நான் கொடுத்த நிலையைத்தான், ஜி4-க்கு முந்தியது. ஜி4 தள்ளிச் சிப்பாய்களை வெட்டிக்கொண்டது தப்பு என்பது அவர் கட்சி. சிப்பாய் குறையக் குறைய கறுப்புக்குத்தான் சுலபம், அதனால் மூன்றையும் வைத்துக்கொண்டு ராஜாவை இ4 வழியாக உள்ளே நடத்தியிருக்க வேண்டும் என்கிறார். நடத்தினால் நான் யானையை ஜி1-க்குக் கொண்டுவந்து ஜி3-ஐத் தாக்குவேன். காப்பாற்ற அவர் யானை ஏ3-க்குப் பின்வாங்க வேண்டும், அப்போது என் ராஜாவுக்கு விடுதலை. காப்பாற்றாமல் ராஜாவை இ5-க்கு நடத்தினால்? நான் ஜி3-ஐ எடுப்பேன், அவர் எஃப்5 தள்ளுவார், நான் வெட்ட, அவர் ராஜா வெட்டும். அங்கே ஆளுக்கு ஒரு எச் சிப்பாய், என் கணக்கில் டிரா. அவர் கணக்கில் இல்லை, என் ராஜா ஓரத்தில் மாட்டிக்கொள்கிறது என்கிறார். இரண்டு மணி நேரம் போட்டுப் போட்டுப் பார்த்தோம். அவர் ஒப்புக்கொள்ளவில்லை, நானும் ஒப்புக்கொள்ளவில்லை. கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்கக் கூடாது என்று மட்டும் ஒப்பந்தம்.

நிலை மேலே இருக்கிறது, வெள்ளை ஆட வேண்டும். ராஜா இ4 ஆடி வெள்ளை ஜெயிக்க ஒரு வழி உங்களில் யாருக்காவது தெரிந்தால் எழுதுங்கள். அவருக்கு அட்டையில் எழுதி அனுப்புகிறேன்.